ஒட்டாத குதிரையும் ஒட்டாத கையும்

கத்திரி வெயில் முடிய நாலு நாள் இருக்கும்போது என் கிட்டாரின் குதிரை பெயர்ந்தது. குதிரை என்றால் பிரிட்ஜ், தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு. வீணைக்காரர்களும் வயலின்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் அந்தச் சொல்தான் வாய்க்கு வருகிறது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதியம் இரண்டு மணிக்கு அங்கே அப்பளம் காயப்போடலாம், கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே பெட்டி உடைந்தது போல ஒரு சத்தம். “பூனை எதையோ தள்ளிட்டு” என்றாள் அம்மா. ஏறிப் பார்த்தால் தந்திகளெல்லாம் தொய்ந்து கிடக்க, அவற்றில் குதிரை தொங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்தில் வெளிறிய மரமும் ஆறு ஓட்டையும்.

பழியை வெயில் மேல் போட்டுவிடலாம். ஆனால் எனக்கு முன்னால் அந்தக் கிட்டாரை வைத்திருந்த யாரோ, அடியில் வார்னிஷைக்கூடச் சுரண்டாமல், சாதாரண வெள்ளை மரப்பசையால் குதிரையை ஒட்டியிருக்கிறார். மேசை நாற்காலிக்கு அந்தப் பசை போதும். சூடு ஏறினால் அது இளகும். ஓயாத இழுவை இருந்தால் மெல்ல மெல்ல நழுவும். நான் கட்டியிருந்ததோ 12ஆம் எண் தடிப்புத் தந்தி; ஆறும் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு இழுப்பவை. நாம் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த இழுவை ராத்திரி பகலாக நடந்துகொண்டே இருக்கும்.

அப்போது நான் ஜிப்ஸி ஜாஸ் பழக ஆரம்பித்து ஒன்றரை வருஷம். பழகினேன் என்பதைவிட வேகமாகத் தடுமாறினேன் என்று சொல்லலாம். இந்த இசைக்கு ஆதி குரு ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1910இல் பெல்ஜியத்தில் பிறந்து, பாரீஸ் ஓரத்தில் வண்டி வீடுகளில் வளர்ந்தவர். 1928இல் அவர் வண்டி தீப்பிடித்ததில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. மிச்சம் இருந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு உலகம் வாய்பிளக்கிற மாதிரி தனிவாசிப்பு வாசித்தார். 1934இல் பாரீஸில் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து ஐவர் குழு தொடங்கினார்: ஒரு வயலின், மூன்று கிட்டார், ஒரு டபுள் பாஸ். மேளம் கிடையாது. 1953இல், 43 வயதில் போய்ச் சேர்ந்தார். அவருடைய கூட்டத்தாருக்கு மனூஷ் என்று பெயர். ரோமானி மொழியில் அதற்கு மனுஷன் என்று பொருள். நம் காதுக்கே தெரிகிற உறவு. அவர்கள் முன்னோர் ஆயிரம் வருஷம் முன்பு வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். இப்போது பலர் ஜிப்ஸி என்ற சொல்லை விட்டுவிட்டு மனூஷ் ஜாஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் புத்தி இடக்கைக்குத்தான் போகும். எனக்கும் போனது. இரண்டு விரலால் ஓடிப் பார்த்தேன், மூன்றால் ஓடிப் பார்த்தேன். வலக்கையை யார் கவனித்தார்கள்? உள்ளங்கையின் கீழ் விளிம்பைக் குதிரை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் சின்னத் துண்டை, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் தகர டப்பாவில் மழை பெய்வது போல வந்தது. கிட்டார் மட்டம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

குதிரை விழுந்ததும் திரும்ப ஒட்டிவிடத்தான் முதலில் யோசித்தேன். பிறகு ஜாங்கோ கையில் இருக்கும் செல்மர் கிட்டாரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாரியோ மக்காஃபெர்ரி வடிவமைத்து, பாரீஸ் செல்மர் கம்பெனி 1932 முதல் 1952 வரை செய்தது. மொத்தமே ஆயிரத்துக்குக் குறைவு. அதில் குதிரை ஒட்டப்படவே இல்லை. தந்திகள் குதிரை மேல் ஏறி இறங்கி, கிட்டாரின் கடைசி விளிம்பில் இருக்கும் ஒரு பித்தளைப் பிடியில் மாட்டிக்கொள்கின்றன. வீணையில் நாகபாசம் செய்கிற வேலை. வயலினைப் போலவே, தந்தி அமுக்குகிற அமுக்கில்தான் குதிரை நிற்கிறது. இரண்டு பக்கமும் மீசை மாதிரி ஒட்டியிருக்கிற துண்டுகள் அழகுக்கும், குதிரை எங்கே நிற்கவேண்டும் என்ற அடையாளத்துக்கும்தான்.

அப்படியானால் நான் ஏன் ஒட்டவேண்டும்?

பிடியில் தொடங்கினேன். முதலில் அலுமினியத் தகடு வெட்டி வளைத்துத் துளை போட்டேன். மூன்றாவது தந்தியை ஏற்றும்போதே துளை நீண்டு வாய் பிளந்தது. நாலாவதற்கு ஒரு தந்தி பிய்த்துக்கொண்டு வந்து புறங்கையில் ஒரு கோடு இழுத்தது. கண்ணில் பட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், எழுதச் சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த வேலை செய்கிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை இரும்புக் கடையில் நாலு அங்குலப் பித்தளைக் கீல் ஒன்று வாங்கினேன். கதவுக்குப் போடுகிற அதே கீல். ஒரு இதழைக் கிட்டாரின் பின்விளிம்பில் திருகாணி போட்டு முடுக்கினேன். இன்னொரு இதழ் விளிம்பைத் தாண்டி மேல்பலகைப் பக்கம் மடங்கி நிற்கும். அதில் ஏற்கெனவே இருந்த துளைகளோடு சேர்த்து ஆறு ஆக்கினேன். தந்தியின் முனைக்குண்டு நுழையாத அளவுக்கு இருக்கவேண்டும் துளை. அகலமாக இருந்த பழைய துளைகளில் சின்ன வாஷர் வைத்தேன். கீல் தானாகவே தந்தி போகிற சரிவுக்குத் திரும்பிக்கொள்ளும், அதுதான் இதில் உள்ள நயம்.

திருகாணி போடுவதற்கு முன் ஒன்று பார்த்தே ஆகவேண்டும். பின்விளிம்புக்கு உள்ளே கெட்டியான மரக்கட்டை இருக்கிறதா? ஒலித்துளை வழியாகப் போனை விட்டு, விளக்கைப் போட்டு வீடியோ எடுத்துப் பார்த்தேன். இருந்தது. பிளைவுட் மட்டும் இருந்தால் அதில் முடுக்கிப் பிரயோஜனமில்லை. ஒரே வாரத்தில் பிடுங்கிக்கொள்ளும். திருகாணியைவிட மெல்லிய துளை முதலில் போட்டு, திருகாணியில் கொஞ்சம் சோப்பைத் தடவி முடுக்கினால் கட்டை வெடிக்காது.

குதிரைக்கு மரம்? மரச்சொப்பு செய்யும் கடைசல் பட்டறை அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அந்தச் சொப்பில் சோறு பொங்கித்தான் வளர்ந்தோம்.

“என்ன தம்பி, தம்பூராவா?”

“கிட்டார், அண்ணாச்சி. இதுக்குக் குதிரை ஒண்ணு செய்யணும்.”

“குதிரையா? நாங்க பிள்ளையளுக்கு நடைவண்டிதான் செய்வோம். குதிரைன்னா வேற பட்டறை பாரும்.” சிரித்துவிட்டுக் கிட்டாரை வாங்கித் தட்டிப் பார்த்தார். “எத்தன உசரம்?”

“12 மில்லிமீட்டர்.”

“அர இஞ்சின்னு சொல்லும். நாலு நூல்.”

மூலையில் கிடந்த ஈட்டித் துண்டு ஒன்றை எடுத்து அறுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் தேய்க்க வைத்தார். மேல்பலகை பார்வைக்கு மட்டம்தான். பல வருஷ இழுவையில் அதற்கு லேசாகத் தொப்பை விழுந்திருக்கும். குதிரையின் அடிப்பாகம் அந்தத் தொப்பைக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் தந்தியின் அதிர்வு மரத்துக்குள் இறங்காது. அதற்கு அண்ணாச்சி சொன்ன வழி: 80ஆம் எண் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே தெரியக் கிட்டாரின் மேல் விரித்து, அதன் மேல் குதிரையை வைத்து முன்னும் பின்னும் தேய்க்கவேண்டும். பலகையின் வளைவு தானாகவே குதிரையின் காலில் இறங்கிவிடும். கடைசியில் ஒரு துண்டு செய்தித்தாளைக் காலடியில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

உயரத்தில் நான்தான் தப்புச் செய்தேன். சத்தம் பெரிதாக வரும் என்று பேராசைப்பட்டு நாலு நூலை ஐந்து நூலாக வெட்டச் சொல்லியிருந்தேன். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பி, வீணையின் மெட்டு மாதிரி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கும் உலோகத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர். விரல் நுனி கன்றிப்போய் மூன்று நாள் சோற்றில் ரசம் ஊற்றக்கூட முடியவில்லை. மறுபடி தேய்த்து 3க்குக் கொண்டுவந்தேன். அதற்குக் கீழே போகாமல் நிறுத்தினேன். இந்த வாசிப்பில் வலக்கை அடிக்கிற அடிக்குத் தாழ்ந்த தந்தி கிறீச்சிடும்.

இடம் கண்டுபிடிப்பது ஒட்டாத குதிரையில் சுகமான வேலை. என் கிட்டாரில் நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கும் துண்டு) பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை 324 மில்லிமீட்டர். அங்கிருந்து குதிரைக்கும் அதே 324, அதோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர். பிறகு சுருதி காட்டும் ட்யூனரை வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியைத் தொட்டுமட்டும் எடுக்கிற மெல்லிய ஒலியையும், அதே இடத்தில் அமுக்கி எடுக்கிற ஒலியையும் ஒப்பிட வேண்டும். அமுக்கியது சுருதி ஏறி நின்றால் குதிரையைப் பின்னால் நகர்த்து. இறங்கி நின்றால் முன்னால். தடித்த தந்திப் பக்கம் கொஞ்சம் அதிகம் பின்னால் போகும், அதனால் குதிரை லேசாகச் சாய்ந்தே நிற்கும். இடம் சரியானதும் பென்சிலால் கோடு போட்டேன். மீசை ஒட்டவில்லை. எனக்கே இல்லை.

தந்தியையும் மாற்றினேன். இந்த இசைக்காரர்கள் கட்டுவது எஃகு நடுவில் வெள்ளிப்பூச்சுச் செம்புக் கம்பி சுற்றிய மெல்லிய தந்தி, முதல் தந்தி 10 அல்லது 11. பத்தாம் எண் செட் மொத்தம் ஒரு சிமெண்ட் மூட்டை அளவுக்குத்தான் இழுக்கும். குதிரைக்கும் கீலுக்கும் நடுவில் இருக்கும் தந்தித் துண்டுகள் தேவையில்லாமல் கூடவே கிணுகிணுத்தன. பழைய வேட்டியின் கரையைக் கிழித்து அவற்றின் நடுவே மேலும் கீழுமாகப் பின்னினேன். அடங்கிவிட்டது.

பிக் கதை தனி. இந்த வாசிப்புக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிக் வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கேட்ட கடையில் 1 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. சரோத் வாசிப்பவர்கள் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஜவாவால் மீட்டுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. சிரட்டைக்கா நமக்குப் பஞ்சம்? முற்றிய சிரட்டையில் முக்கோணமாக அறுத்து, நாரைச் சுரண்டி, 80, 220, 400 என்று உப்புத்தாளில் இறக்கி, கடைசியில் தேங்காயெண்ணெய் போட்டுத் துணியால் தேய்த்தேன். சிரட்டையின் இயற்கையான குழிவு கட்டைவிரலுக்கு அச்சாகப் பொருந்தியது. முதல் ஐந்தும் உடைந்தன, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அறுத்ததால். ஆறாவது இன்றும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா அதைப் புட்டுக்குழல் உடைசல் என்று இரண்டு தரம் குப்பையில் போட்டிருக்கிறாள்.

எல்லாம் கூட்டி வாசிக்க உட்கார்ந்தேன். நாலு நிமிஷத்தில் சுருதி எங்கேயோ போய்விட்டது. ட்யூனர் வைத்துச் சரிசெய்தால் மறுபடி அதே கதை. பென்சில் கோட்டைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: குதிரை நகர்ந்திருந்தது. நகர்த்தியது என் உள்ளங்கை. ஒட்டிய குதிரை நான் சாய்ந்ததையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒன்றரை வருஷம் சும்மா இருந்தது. இது தாங்கவில்லை.

கையை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்தால் எங்கே வைப்பது? மனூஷ்காரர்கள் வாசிக்கும் வீடியோக்களை மறுபடி ஓடவிட்டு இந்தத் தடவை வலக்கையை மட்டும் பார்த்தேன். உள்ளங்கை எங்கேயும் தொடவில்லை. மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைந்து, கை தந்திக்கு மேலே தொங்குகிறது. முன்கை மட்டும் கிட்டாரின் விளிம்பில். இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லை.

அடிக்கும் முறையும் வேறு. கீழ்நோக்கி அடித்தால் பிக் தந்தியைத் தாண்டிப் போய் அடுத்த தந்தியின் மேல் விழுந்து நிற்கவேண்டும். விழுவது கையின் எடையால், தள்ளக்கூடாது. இதில் ஒரு விதி: எப்போது புதுத் தந்திக்குப் போனாலும் கீழ்வீச்சில்தான் தொடங்கவேண்டும், முந்தைய சுரமும் கீழ்வீச்சாகவே இருந்தாலும். ஒரு தந்தியில் மூன்று சுரம் என்றால் கீழ், மேல், கீழ். அடுத்த தந்தியில் மறுபடி கீழ். மாறி மாறி அடித்தே பழகிய கைக்கு இது பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு மாசம் இடக்கையைத் தொடவே இல்லை. வெறுந்தந்தியில், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 அடியில் வைத்துக் கீழ், கீழ், கீழ். பாளையங்கோட்டை ஆபீசுக்குப் போகிற செங்கோட்டை பாசஞ்சரில் முழங்கால் மேல் சிரட்டைத் துண்டை வைத்து மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே போனேன். எதிர் சீட்டுப் பாட்டி ஒருத்தி, “கைக்கு வைத்தியம் பாத்தியாய்யா?” என்று கேட்டாள்.

தகர டப்பா மழை நின்றது. கிட்டார் மட்டம் என்று நான் சொன்னதைக் கிட்டார் மறந்துவிடட்டும்.

அடுத்தது லா போம்ப். பம்ப் அடிப்பது என்ற பொருளில் பிரெஞ்சில் அந்தத் தாள வாசிப்புக்குப் பெயர். மேளம் இல்லாத குழுவில் கிட்டார்தான் மேளம். நாலு எண்ணிக்கைத் தாளத்தில் 1, 3இல் தடித்த தந்திகளை மெல்லத் தொட்டுவிட்டு, 2, 4இல் எல்லாத் தந்தியையும் ‘சக்’ என்று அடித்து உடனே அணைக்கவேண்டும். 1க்கும் 3க்கும் சற்று முன்னால் ஒரு சின்ன மேல்வீச்சும் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது, அதைச் சேர்த்தால் குதிரை வண்டி ஓடுகிற சத்தம்தான் வரும். எனக்கு வந்தது.

எனக்கு ‘சக்’ பிடிபடவே இல்லை. நான் பலமாக அடித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாசம் சுடலைமாடன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு இடைவேளையில், குடம் அடித்த பெரியவருக்குக் கட்டங்காப்பி வாங்கிக்கொடுத்துவிட்டுக் கேட்டேன், குடத்தில் சில அடி மட்டும் எப்படி அவ்வளவு உலர்ந்து விழுகிறது என்று.

“அடிக்கதுக்கு எவனும் அடிப்பான் தம்பி. எங்கன நிறுத்தணும்னு தெரியணும்லா” என்றார். பிறகு குடத்தை அணைத்திருந்த இடக்கையைக் காட்டினார்.

என் ‘சக்’கும் இடக்கையில்தான் இருந்தது. அடித்த கணமே விரல்களின் அமுக்கத்தை விடவேண்டும். தந்தியிலிருந்து விரலை எடுத்துவிடக்கூடாது. உலோகத்தை விட்டு மேலே வந்தால் போதும், தந்தி விரலோடு ஒட்டியே ஊமையாகும். பல சுரம் ஒன்றாக ஒலிக்கப் பிடிப்பதுதான் கார்டு. ஏ மைனர் 6 என்ற கார்டுக்கு நான் பிடிக்கும் பிடி: ஆறாம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட், நாலாவதில் நாலு, மூன்றாவதிலும் இரண்டாவதிலும் ஐந்து. ஐந்தாம் தந்தியும் முதல் தந்தியும் விரலின் சதை பட்டு ஊமை. விரல் படாமல் ஒலிக்கும் திறந்த தந்தி ஒன்றுமே இல்லை. இருந்தால் அணைக்க முடியாது. அதனால்தான் இந்த இசையில் நமக்குப் பழகிய கேம்ப்ஃபயர் கார்டுகளுக்கு வேலை இல்லை.

பழகிய பாட்டு, எல்லாரும் தொடங்குகிற ‘மைனர் ஸ்விங்’தான், ஜாங்கோவும் கிராப்பெல்லியும் சேர்ந்து செய்து 1937இல் பதிவுசெய்தது. பதினாறு பார், அதாவது நாலு நாலு எண்ணிக்கையாகப் பதினாறு ஆவர்த்தம். ஏ மைனர் இரண்டு, டி மைனர் இரண்டு, ஈ 7 இரண்டு, ஏ மைனர் இரண்டு; பிறகு டி மைனர் இரண்டு, ஏ மைனர் இரண்டு, பி ஃபிளாட் 7, ஈ 7, ஏ மைனர், ஈ 7. இதை 90இல் தொடங்கி, பத்து நிமிஷம் நிறுத்தாமல் அடித்தேன். போனில் பதிவுசெய்து கேட்டால் ஏழாம் நிமிஷத்தில் நான் வேகமெடுப்பது தெரியும். கச்சேரிகளில் 200ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். நான் இப்போது 150இல் நிற்கிறேன், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால்.

தனிவாசிப்புக்கு வந்தபோது அக்காதான் உதவினாள். அவள் பத்து வருஷம் வீணை படித்தவள். நான் ஏ மைனரில் ஓடியதைக் கேட்டுவிட்டு, “இது கீரவாணிலா?” என்றாள். ஹார்மானிக் மைனர் என்ற மேலைநாட்டுச் சுரவரிசையாக ஒன்றரை வருஷமாக விரலால் எண்ணிக்கொண்டிருந்தது என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நாலாவது சுரத்தை அரைப்படி ஏற்றினால் சிம்மேந்திரமத்யம ராகம்; அதையும் இவர்கள் வாசிக்கிறார்கள். ஆனால் ஆரோகணம் அவரோகணமாக ஓடினால் அது ஜாஸ் ஆகாது என்பதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு நேரம் பிடித்தது. இங்கே வழிகாட்டுவது கார்டு. ஈ 7 வரும்போது ஜி ஷார்ப், பி, டி, எஃப் ஆகிய நாலு சுரத்தை மட்டும் எடுத்து ஏறலாம். அவற்றுக்குள் இடைவெளி எப்போதும் மூன்று ஃப்ரெட். அதனால் ஒரே பிடியை மூன்று மூன்றாக நகர்த்தினால் அதே நாலு சுரம் வேறு வரிசையில் வந்துகொண்டே இருக்கும். ஜாங்கோவின் இரண்டு விரலுக்கு இதைவிட வசதி எது? போகிற வழியில் அரைப்படி அரைப்படியாகச் சுரங்களைத் தொட்டுக்கொண்டு போவதை மட்டும் அக்கா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. “அங்கன எதுக்குலே வழுக்குத?” என்கிறாள்.

சாரல் காலத்தில் பொதிகைக் காற்றின் ஈரம் குடித்து மேல்பலகை கொஞ்சம் உப்பியது, தந்தி உயர்ந்தது. குதிரையின் காலில் அரை மில்லிமீட்டர் தேய்த்தேன். மழைக்காலம் முடிந்து மரம் இறங்கியபோது, தேய்த்ததற்குப் பதிலாக இரண்டு மடிப்பு விசிட்டிங் கார்டு சொருகினேன். இப்போது எனக்கு இரண்டு குதிரை: சாரலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. இரண்டாவதற்கு அண்ணாச்சி இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

தைப் பொங்கலுக்கு மறுநாள் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா மகன் கார்டு அடிக்க, நான் பதினாறு பாரையும் மூன்று சுற்று வாசித்தேன். பி ஃபிளாட்டிலிருந்து ஈக்கு வருகிற இடத்தில் வழக்கம்போல இடறினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கிட்டாரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் குதிரையின் காலடியில் விட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் நுழைந்தது.

“பாத்தீரா, தாள் போகுது. ஞாயித்துக்கெழம கொண்டாரும்” என்றார்.